பிளம்பர் என்ற சொல்லில் ஓடும் காரீயம்

பைப் ரெஞ்ச், ஹேக்சா பிளேடு, டெஃப்லான் டேப், எல்போ, டீ, கப்ளிங், ஒரு டப்பா சொல்யூஷன். வீட்டுக்கு வரும் பிளம்பரின் பையில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கும். பழைய வீடு என்றால் துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்கும். காரீயத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றாது. ஆனால் பிளம்பர் என்ற சொல்லின் நேர்ப்பொருள் காரீய வேலை செய்பவர் என்பதுதான். தண்ணீரோ குழாயோ அந்தச் சொல்லுக்குள் கிடையாது.

லத்தீனில் காரீயத்தின் பெயர் 'பிளும்பும்'. அந்த உலோகத்தில் வேலை செய்பவர் 'பிளும்பாரியுஸ்'. வேதியியல் பாடத்தில் காரீயத்தின் 'Pb' என்ற குறியீட்டைக் கண்டு, ஆங்கிலப் பெயரில் இல்லாத எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று விழித்த மாணவர்கள் பலர் உண்டு. சுவீடன் வேதியியலாளர் பெர்சேலியஸ் 1810களில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடுகளை வகுத்தபோது லத்தீன் பெயர்களையே அடிப்படையாகக் கொண்டார். 'பிளும்பும்' என்பதன் முதல் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும்தான் இன்றுவரை காரீயத்தைக் குறிக்கின்றன.

லத்தீன் சொல் பழைய பிரெஞ்சுக்குப் போனபோது நடுவிலிருந்த 'ப' ஒலி உதிர்ந்து 'பிளோமியே' ஆனது. இங்கிலாந்துக்கு வந்து 'பிளம்மர்' என்று வழங்கியது. இன்றும் ஆங்கிலேயரிடம் பிளம்மர் என்ற குடும்பப் பெயர் அந்தப் பழைய எழுத்துக்கூட்டலோடு இருக்கிறது. மூதாதையரில் யாரோ ஒருவர் காரீயத் தொழிலாளி என்பதற்கு அது சான்று. பின்னாளில் லத்தீன் கற்ற அறிஞர்கள் மூலச்சொல்லில் இருந்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து எழுத்தில் செருகினார்கள். எழுத்து வந்தது, ஒலி வரவில்லை. ஆங்கிலேயர் இன்றும் அதை 'பிளமர்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். தமிழர்கள் எழுத்தைப் பார்த்துச் சொல்லை ஏற்றுக்கொண்டதால் 'பிளம்பர்' என்கிறோம். அந்த ஒரு ஒலியைப் பொறுத்தவரை ரோமானியக் கைவினைஞரின் பெயருக்கு ஆங்கிலத்தைவிட நம் உச்சரிப்பே நெருக்கமானது.

அந்த ரோமானியக் கைவினைஞர் என்ன செய்தார் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். காரீயம் ஏறத்தாழ 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்குப் பெரிய உலை தேவையில்லை, நல்ல விறகுத் தீ போதும். உருகிய காரீயத்தைச் சமப்படுத்திய படுகையில் ஊற்றித் தகடாக வார்ப்பார்கள். ஆறியதும் வேண்டிய அகலத்துக்கு வெட்டி, உருளையான கம்பு ஒன்றைச் சுற்றி வளைப்பார்கள். இரண்டு விளிம்புகளும் சேரும் இடத்தைப் பற்றவைத்தால் குழாய் தயார். விளிம்புகளை மேலே கூட்டிச் சேர்த்ததால் ரோமானியக் குழாய்களின் குறுக்குவெட்டு முழு வட்டமாக இருக்காது. பெரும்பாலும் கண்ணீர்த்துளி வடிவில்தான் இருக்கும். இத்தாலியின் பண்டைய நகரமான பொம்பெயியின் தெருவோரங்களில் இந்தக் குழாய்களை இன்றும் பார்க்கலாம். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் அந்த ஊரைப் புதைத்தபோது அவை இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன.

குழாய்களின் அளவுக்குப் பெயர் வைத்த முறையிலும் தகடுதான் ஆட்சி செய்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், குழாய் குறைந்தது பத்தடி நீளத்துக்கு வார்க்கப்பட வேண்டும் என்கிறார். வளைப்பதற்கு முன் தகடு ஐந்து விரல் அகலம் இருந்தால் அது 'ஐந்து விரல் குழாய்', எடை 60 ரோமானிய ராத்தல். நூறு விரல் அகலம் இருந்தால் 'நூறு விரல் குழாய்', எடை 1200 ராத்தல். குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு தகடு செலவானது என்பதே கணக்கு. கடையில் இன்று முக்கால் அங்குலக் குழாய், ஒரு அங்குலக் குழாய் என்று கேட்கிறோமே, அது துளையை வைத்துப் பேசும் பேச்சு. அவர்களுடையது உலோகத்தை வைத்துப் பேசும் பேச்சு. தொழிலின் பெயரே உலோகத்தின் பெயராக இருந்தது ஏன் என்பது இங்கே விளங்கும்.

தகட்டை வார்க்கும்போதே படுகையில் எழுத்துகளைப் பதித்துவிட்டால் குழாயின் மேல் அவை புடைப்பாக வந்துவிடும். பேரரசர் பெயர், நீரைப் பெறும் உரிமை கொண்டவர் பெயர், குழாயைச் செய்தவர் பெயர் என்று பல செய்திகள் இப்படிக் கிடைத்திருக்கின்றன. செய்தவர்களில் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் இருந்தார்கள். பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. ரோமைப் பற்றிய நூல்களில் செனட்டர்களும் தளபதிகளும் பக்கம் பக்கமாக வருகிறார்கள். உழைப்பாளிகளின் பெயர்களைத் தேட வேண்டுமென்றால் இந்தக் காரீயக் குழாய்களைத்தான் புரட்ட வேண்டும்.

கி.பி. 97இல் ரோம் நகரின் நீர் ஆணையராகப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினஸ் எழுதிய நூல், இந்தத் தொழிலின் உட்புறத்தை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. நகருக்கு நீர் கொண்டுவந்த ஒன்பது கால்வாய்களை அவர் பட்டியலிடுகிறார். அதைவிடச் சுவையானது திருட்டைப் பற்றிய பகுதி. ஊழியர்களில் 'துளை போடுபவர்கள்' என்றே பெயர் பெற்ற ஒரு கூட்டம் இருந்ததாம். தெருவின் தளக்கல்லுக்குக் கீழே ஓடும் குழாயில் ரகசியமாகத் துளை போட்டு, கிளைக் குழாய் இழுத்து, வழியில் உள்ள கடைகளுக்கெல்லாம் தண்ணீர் விற்றிருக்கிறார்கள். அந்தக் கள்ள இணைப்புகளைப் பிடுங்கியபோது கிடைத்த காரீயத்தின் அளவைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் களவு போனது என்று ஊகிக்கலாம் என்று எழுதுகிறார் அவர்.

காரீயம் மென்மையானது என்பதே அந்தக் களவுக்கு வசதி. சுலபமாகத் துளைக்கலாம், வாயை விரிக்கலாம், நெருக்கலாம். அதனால்தான் பொதுக் குழாயிலிருந்து தனியார் இணைப்புப் பிரியும் இடத்தில் வெண்கல வாய் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்ற விதி இருந்தது. வெண்கலம் எளிதில் வளையாது. அளவை மாற்ற முடியாது. அந்த வாய்க்கு அரசு முத்திரையும் உண்டு. அதையடுத்து ஐம்பது அடி தூரத்துக்குக் குழாயும் அதே அளவில் இருக்க வேண்டும். குடிநீர் இணைப்பில் நடக்கும் முறைகேட்டைத் தடுக்க இன்றைய மாநகராட்சிகள் போடும் விதிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஃப்ரொன்டினஸ் மேல் எனக்குத் தனி மரியாதை வருகிறது. அரசு அலுவலர் ஒருவர் தன் துறையின் ஊழலைத் தன் கையால் எழுதிவைப்பது எந்தக் காலத்திலும் அரிது.

இவ்வளவு காரீயம் ரோமுக்கு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. விடை வெள்ளியில் இருக்கிறது. காரீயத்தின் முக்கியத் தாதுவில் சிறிதளவு வெள்ளியும் கலந்திருப்பது வழக்கம். நாணயம் அடிக்க வெள்ளி வேண்டும். வெள்ளியைப் பிரித்தெடுத்தால் அதைப்போலப் பல நூறு மடங்கு எடையில் காரீயம் மிஞ்சும். மிஞ்சிய உலோகம் மலிவு. மென்மை, மலிவு, துருப்பிடிக்காத தன்மை மூன்றும் ஒன்றாக அமைந்த வேறு உலோகம் அன்று இல்லை. ஸ்பெயினின் சுரங்கங்கள் ரோமுக்குக் கொடுத்தன. பிரிட்டனைப் பிடித்த ஆறே ஆண்டுகளில், கி.பி. 49 என்று காலம் குறிக்கப்பட்ட காரீயப் பாளங்கள் மெண்டிப் குன்றுகளிலிருந்து வெளிவந்துவிட்டன. பிரிட்டனில் காரீயம் மேல்மண்ணிலேயே ஏராளமாகக் கிடைப்பதால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் முதுபெரும் பிளினி எழுதுகிறார். அந்நாட்டின் பாத் நகரில் ரோமானியர் கட்டிய பெரிய குளியல் தொட்டியின் அடித்தளத்தில் காரீயத் தகடுகளைப் பரப்பியிருக்கிறார்கள். தொட்டி இன்றும் நீரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்து உலைகளிலிருந்து எழுந்த காரீயத் தூசு கிரீன்லாந்துவரை காற்றில் போய்ப் படிந்திருப்பதை, அங்கே பனிப்பாளங்களைத் துளையிட்டு ஆராய்ந்த அறிவியலாளர்கள் 1994இல் வெளியிட்டார்கள்.

'பிளும்பும்' என்ற சொல்லை ரோமானியர் எங்கே பெற்றார்கள் என்று தேடினால் லத்தீனைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. லத்தீனின் உறவு மொழிகளில் இதற்குச் சரியான உடன்பிறப்பு இல்லை. கிரேக்கத்தில் காரீயம் 'மொலிப்டோஸ்'. கிரேக்க வட்டார வழக்குகளில் இதுவே பலவாறு திரிந்து வரும். இப்படி நிலையில்லாமல் திரிவது பெரும்பாலும் கடன்சொல்லின் அடையாளம். கிரீட் தீவின் கிநோசோசில் கிடைத்த, லீனியர் பி என்ற பழங்காலக் கிரேக்க எழுத்துமுறையில் அமைந்த களிமண் பலகையில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டிலேயே, இந்தச் சொல் 'மொ-ரி-வொ-தோ' என்று எழுதப்பட்டிருக்கிறது. பாஸ்க் மொழியில் காரீயம் 'பெருன்'. இவையெல்லாம் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையா என்பதில் மொழியியலாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் வழங்கிய லிடிய மொழியில் 'கருமை' என்று பொருள்படும் 'மரிவ்த' என்ற சொல்லோடு கிரேக்கப் பெயரை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது. உலோகம் சரக்காகப் பயணம் செய்தபோது அதன் பெயரும் கூடவே பயணம் செய்திருப்பது இயல்பு. நிறத்தை வைத்துப் பெயரிடுவதும் இயல்பு.

நிறம் என்றதும் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று வருகிறது. பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில் 'பிளும்பும்' இரண்டு வகை என்கிறார்: ஒன்று கரியது, மற்றொன்று வெண்மையானது. கரியது நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பது. வெண்மையானது வேறு தனிமம். ஆங்கிலத்தில் 'டின்' எனப்படுவது. தமிழும் இதையே செய்திருக்கிறது. ஈயம் என்று ஒரு பெயர், அதில் காரீயம், வெள்ளீயம் என்று இரண்டு வகை. இரண்டும் மென்மையானவை, இரண்டும் சுலபமாக உருகுபவை. வேதியியல் இல்லாத காலத்தில் கண்ணும் கையும் அவற்றை ஒரே குடும்பமாகக் கண்டதில் வியப்பில்லை. லத்தீனும் தமிழும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று இப்படிச் சொன்னதாகக் கருதத் தேவையில்லை.

ஆனால் இந்தப் பொதுப் பெயரால் அடுப்படியில் ஆபத்து உண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, ஆக வேண்டியது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். புளியும் தக்காளியும் கொதிக்கும் இடத்தில் மலிவுக்காகக் காரீயம் கலந்தால், அந்தப் புளிப்பே காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஈயச் சொம்பு வாங்கும்போது அது வெள்ளீயமா என்று அழுத்திக் கேட்டு, முடிந்தால் சோதித்துத் தரும் கடையில் வாங்குவது அவசியம்.

பிளினியும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதைப் பற்றிப் பேசுகிறார்; பூசினால் களிம்பு ஏறாது, சுவையும் கெடாது என்கிறார். குழாயின் விளிம்பைப் பற்றவைக்கும் பற்றாசைப் பற்றியும் சொல்கிறார்: இரண்டு பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளீயம். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் கடைகளில் நேற்றுவரை பயன்படுத்தினார்கள். பல இடங்களில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். கலப்பு விகிதம்தான் வேறு.

இதே பிளினி இந்தியாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். இந்தியாவில் வெண்கலமும் இல்லை, காரீயமும் இல்லை; தன் மணிகளையும் முத்துகளையும் கொடுத்து அவற்றைப் பெறுகிறது என்பது அவர் கூற்று. அது சரியல்ல. ராஜஸ்தானின் சாவர், தரிபா பகுதிகளில் கி.மு. முதல் ஆயிரமாண்டிலேயே காரீய, துத்தநாகத் தாதுக்களை வெட்டியிருக்கிறார்கள். ஆயினும் வணிகத்தைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு' என்ற கிரேக்க நூல், முசிறிக்கும் அதை அடுத்த துறைமுகத்துக்கும் வந்திறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. மிளகும் முத்தும் ஏற்றிக்கொண்டு போன கப்பல்கள் வரும்போது இந்த உலோகங்களைக் கொண்டுவந்தன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அந்தக் கப்பல்களின் அடித்தட்டில் கிடந்த காரீயத்தை யாரும் பேசுவதில்லை.

காரீயத்தின் கனத்திலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள் தனிக் கூட்டம். ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் பதினொரு கிராமுக்கு மேல் எடையிருக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்டால் நேராக நிற்கும். காற்றுக்கு எளிதில் ஆடாது. கொத்தனார் சுவரின் செங்குத்தைப் பார்க்கப் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஆங்கிலத்தில் 'பிளம்' என்ற பெயர் பெற்றது இதனால்தான். இங்கே இன்று அது பித்தளையிலோ இரும்பிலோ வருகிறது. 'செங்குத்தாக' என்ற பொருளுடைய பிரெஞ்சுத் தொடர் 'ஆ பிளோம்', ஆங்கிலத்தில் 'அப்ளோம்' ஆகி, தடுமாறாமல் நிமிர்ந்து நிற்கும் மனத்திடத்தைக் குறிக்கிறது. தலைகுப்புற விழுவதைக் குறிக்கும் 'பிளம்மெட்', மூழ்குவதைக் குறிக்கும் 'பிளஞ்ச்' இரண்டும் இந்தக் குண்டிலிருந்து வந்தவைதான்.

கடலோடிகளும் அந்தக் குண்டை நம்பியே வாழ்ந்தார்கள். ஆழம் அறியக் கயிற்றில் காரீயக் குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழிவு இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பை அப்பி வைப்பார்கள். தரையைத் தொட்டதும் மணலோ சேறோ சிப்பித்துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆழத்தோடு கடலடி மண்ணும் தெரிந்தால் கரை எந்தப் பக்கம் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். எகிப்தை அடைய ஒரு நாள் பயணம் இருக்கும்போதே ஆழக் குண்டை இறக்கினால் பதினொரு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி) ஆழத்தில் சேறு வரும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். நைல் நதி கடலுக்குள் அவ்வளவு தூரம் வண்டல் தள்ளுகிறது என்பதற்கு அதை அவர் சான்றாகக் காட்டுகிறார்.

நிறத்திலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'பிளும்பாகோ'. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில், தொட்டால் கருமை ஒட்டும் ஒரு கனிமம் வெட்டியெடுக்கப்பட்டது. ஆடுகளுக்கு அடையாளம் போட அது வசதியாக இருந்தது, பிறகு பென்சிலானது. அது காரீயத்தின் ஒரு வகை என்றே எல்லாரும் நம்பி, கறுப்புக் காரீயம் என்றும் பிளும்பாகோ என்றும் அழைத்தார்கள். உண்மையில் அது கரி, அதாவது கார்பன். வேதியியலாளர் கார்ல் ஷீலெ 1779இல் அதைக் காட்டினார். 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்ற பெயரைக் கனிமவியலாளர் வெர்னர் 1789இல் வைத்தார். பழைய பெயர் அப்படியும் ஒழியவில்லை. இலங்கையிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியான கிராஃபைட், பிரிட்டிஷ் ஆட்சிக் கணக்குகளில் பிளும்பாகோ என்றே பதிவானது. இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பச் செல்வம் அந்தச் சுரங்கங்களிலிருந்து வந்ததுதான். இலங்கைத் தமிழில் அவை காரீயச் சுரங்கங்கள். ஐரோப்பியர் பென்சில் கரியைக் காரீயமாகக் கண்டது போலவே தமிழும் கண்டிருக்கிறது.

பிளும்பாகோ ஒரு செடிக்கும் பெயர். கண்ணில் வரும் ஒரு நோயை ரோமானியர் 'பிளும்பும்' என்று அழைத்தார்கள். அதைப் போக்கும் செடி என்று பிளினி குறிப்பிட்ட பெயரைத் தாவரவியல் பின்னாளில் எடுத்துக்கொண்டது. சித்த மருத்துவத்தில் சித்திரமூலம் என்றும் கொடிவேலி என்றும் வழங்குவது இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். குறிஞ்சிப்பாட்டின் பூக்களில் வரும் செங்கொடுவேரியையும் இதே பேரினத்தின் சிவப்பு வகையாக அடையாளம் காண்கிறார்கள்.

இடைக்கால இங்கிலாந்துக்கு வந்தால், பிளம்பர் நிலத்தடிக் குழாயைவிடக் கூரையில்தான் அதிகம் இருந்தார். தேவாலயங்களின் கூரைக்குக் காரீயத் தகடு வேய்வது, மழைநீர்க் காலும் தொட்டியும் செய்வது அவர் வேலை. லண்டனின் பிளம்பர் சங்கத்துக்கு 1365இல் விதிமுறைகள் ஏற்பட்டன. 1611இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் பட்டயம் வழங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களில் வீட்டுக்கு வீடு குடிநீரும் கழிப்பறையும் வந்தபோது, காரீயக் குழாயைப் பற்றவைக்கத் தெரிந்தவர் என்பதால் அந்த வேலையும் அவரிடமே சேர்ந்தது. பிறகு இரும்பு வந்தது, செம்பு வந்தது, பிளாஸ்டிக் வந்தது. வேலைக்குப் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. காரீயம் நஞ்சு என்பது பிற்காலக் கண்டுபிடிப்பு அல்ல. குழாய்க்கு எடை விதித்த அதே விட்ருவியஸ், அதே அத்தியாயத்தில், சுட்ட மண்குழாயில் வரும் நீரே உடலுக்கு நல்லது என்று எழுதுகிறார். காரீயத்திலிருந்து உண்டாகும் வெள்ளைப்பொடி உடலைக் கெடுக்கும். எனவே காரீயமும் கெடுக்கும் என்பது அவர் வாதம். சான்று வேண்டுமானால் காரீயத் தொழிலாளர்களைப் பாருங்கள், அவர்கள் மேனி வெளிறிக் கிடக்கிறது என்கிறார். அவர்கள் தாம் பிளும்பாரியுஸ்கள். அந்தத் தொழிலாளியின் பெயர் வாழையடி வாழையாக நம்வரை வந்துவிட்டது. அவர் முகத்தின் வெளிறலைப் பற்றிய எச்சரிக்கை வழியிலேயே நின்றுவிட்டது.

ரோமானியரைக் குழாய்த் தண்ணீர் எவ்வளவு பாதித்தது என்பதில் மிகையான பேச்சுகள் உண்டு. பேரரசே காரீயத்தால் வீழ்ந்தது என்பது அவற்றில் ஒன்று; அதை நான் ஏற்கவில்லை. அவர்கள் நீர் பெரும்பாலும் நிற்காமல் ஓடியது; கடின நீரின் சுண்ணாம்பு குழாயின் உட்புறம் படிந்து ஓரளவு தடுப்பாகவும் இருந்தது. துறைமுக வண்டலை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ரோம் நகரின் குழாய் நீரில் காரீயம் அப்பகுதி ஊற்று நீரில் இருந்ததைப் போல நூறு மடங்குவரை இருந்திருக்கும் என்றது; ஆனாலும் அது பெருங்கேடு விளைவிக்கும் அளவு அல்ல என்றே அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சும்படி கொலுமெல்லா என்ற வேளாண் எழுத்தாளர் பரிந்துரைத்தாரே, அதுதான் இன்னும் கொடியது. புளிப்பும் சூடும் சேர்ந்து காரீயத்தைக் கரைத்துவிடும்.

நம் காலத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அமெரிக்காவில் சிகாகோ நகரம், 1986இல் கூட்டரசு தடை விதிக்கும்வரை வீட்டு இணைப்புக்குக் காரீயக் குழாயையே போடச் சொன்னது. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் 2014இல் செலவைக் குறைக்க நீர் ஆதாரத்தை மாற்றியது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கவில்லை. பழைய காரீயக் குழாய்களிலிருந்து நஞ்சு கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் காரீயம் எந்த அளவிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. நாடெங்கும் உள்ள காரீய இணைப்புகளைப் பத்தாண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற விதி அங்கே 2024 அக்டோபரில்தான் வந்தது.

இந்தியாவில் காரீயக் குழாய் பரவலாக இல்லை. ஆனால் காரீயம் வேறு வழியில் குழாய்க்குள் நுழைந்தது. பி.வி.சி. பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாக்கும்போது அது வெப்பத்தில் சிதைந்துவிடாமல் இருக்க நிலைப்படுத்தி ஒன்றைச் சேர்க்க வேண்டும். பல்லாண்டுகளாக அதற்குக் காரீயச் சேர்மங்களே பயன்பட்டன; காரணம் பழையதுதான், மலிவு. துத்தநாகம் பூசிய இரும்புக் (ஜி.ஐ.) குழாயின் மரையில் சணல் நூலோடு தடவப்பட்ட 'ஒயிட் லெட்' என்ற வெள்ளைப் பசையும், அதன் பெயரே சொல்வது போல, காரீய வெள்ளைதான்: விட்ருவியஸ் எச்சரித்த அதே பொடி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையைத் தொடர்ந்து, பி.வி.சி. குழாய்களில் காரீய நிலைப்படுத்திகளைப் படிப்படியாக ஒழிக்கும் விதிகளை ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்டது. கால்சியம், துத்தநாகம் சார்ந்த மாற்றுகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூடும். குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வீடு கட்டுபவர்கள் குழாயின் விட்டத்தையும் விலையையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். குடிநீருக்கான குழாய் என்றால் தர முத்திரையும், காரீயம் சேர்க்கப்படவில்லை என்ற குறிப்பும் அதன் மேல் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய குழாயில் இரவு முழுதும் தேங்கிய நீரைக் காலையில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, பிறகு வருவதைச் சமையலுக்குப் பிடிப்பது நல்லது.